பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வேலை செய்ய ஒரு கைவிளக்கு: செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் நகரத்தார் வீடுகள் ஏராளம். பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது வந்தால் வீடு திறந்து கூட்டம் நிரம்பும், அப்புறம் மறுபடி பூட்டு. இடைப்பட்ட காலத்தில் வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர்கள் காவலரும், கூப்பிட்டால் வரும் வேலையாட்களும்தான்.

இந்த ஆய்வு, கானாடுகாத்தான் பக்கத்தில் அப்படி மூன்று வீடுகளைப் பராமரிக்கும் ஒரு சிறு குழுவைப் பற்றியது. ஒரு மேற்பார்வையாளர், ஒரு ஆசாரி, ஒரு எலக்ட்ரீஷியன், அறுபதைத் தாண்டிய ஒரு இரவுக் காவலர். கணக்கையும் சாமான் வாங்குவதையும் கவனிக்கும் நான் பெரும்பாலான வேலைகளில் உடன் இருந்தேன். வீடுகளில் பெரியது ஒரு ஆச்சியின் பொறுப்பில் இருக்கிறது. அவர் சென்னையில் இருந்தாலும் ஒவ்வொரு தூணும் எங்கே இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிடுவார்.

டார்ச் லைட் என்றால் இரவுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்த வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கும் அது வேண்டும். முகப்பிலும், நடு முற்றமான வளவிலும் வானத்து வெளிச்சம் தாராளமாக விழும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பலவற்றுக்குக் கதவைத் தவிர வேறு திறப்பே கிடையாது. வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டைத் தாண்டினால் சாமான் அறைகள், அதற்கு மேல் ஓட்டுச் சாய்ப்பின் அடிப்பக்கம். எல்லாம் இருட்டு. வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவது இந்த வீடுகளில் கண்டிப்பான வழக்கம், ஏனென்றால் வயரிங்கில் பாதி பாட்டனார் காலத்தது. ஆகவே சோதனைக்குப் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோக வேண்டும்.

அதுவரை கையில் இருந்தவை

காவலரிடம் மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போடும் பழைய எவரெடி டார்ச் இருந்தது, இழை பல்பு போட்டது. கனம் அதிகம். ஆனால் அதன் மஞ்சள் வெளிச்சம் அவருக்குக் கண்ணுக்குப் பழகியிருந்தது. எலக்ட்ரீஷியன் தன் போனையே நம்பியிருந்தார். திருவிழாக் கடையில் வாங்கிய ஜூம் டார்ச் ஒன்று மேற்பார்வையாளரிடம் இருந்தது. முகப்பை முன்னும் பின்னும் இழுத்தால் ஒளி குவியும், விரியும். அதன் அட்டையில் வெளிச்சத்தின் அளவு பல ஆயிரம் லூமன் என்றும், உள்ளே இருந்த பேட்டரியில் அதன் கொள்ளளவு 9900 எம்.ஏ.ஹெச் என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

புரட்டாசிச் சோதனை

வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் ஓடு மாற்றுவதும், மரவேலைகளைச் சோதிப்பதும் ஒவ்வொரு வருடமும் நடக்கும். அந்த வருடம் புரட்டாசியில் ஆச்சி வீட்டில் தொடங்கினார்கள்.

மேல்மாடியின் பின் அறையில் வௌவால்கள் தங்கியிருந்தன. அது யாருக்கும் தெரியாது. ஆசாரி ஏணியில் ஏறி ஜூம் டார்ச்சை முழு வெளிச்சத்தில் மேலே அடித்தார். வௌவால்கள் கூட்டமாகக் கலைந்து அவர் முகத்தை உரசிப் பறந்தன. ஒரு கையில் டார்ச் இருந்ததால் ஏணியை ஒரு கையால்தான் பிடித்திருந்தார். கீழே நின்ற மேற்பார்வையாளர் ஏணியை அணைத்துப் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அதிர்ச்சி தெளியச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஜூம் டார்ச் மங்கி, பிறகு மினுக்கி, அணைந்தே போனது. மிச்ச வேலையை ஆசாரி போன் வெளிச்சத்தில் முடித்தார். ஏணியில் நிற்கும்போது இரண்டு கையும் தேவைப்பட்டால் போனை வாயில் கவ்விக்கொண்டார். இரண்டாங்கட்டின் உத்திரங்களையும், ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரங்களையும் அப்படித்தான் பார்த்தார். "பழுது ஒண்ணும் தெரியல" என்று சொல்லி இறங்கினார். மேற்பார்வையாளரும் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஐப்பசி முதல் மழையில் இரண்டாங்கட்டின் மூலையில் சொட்டியது. ஓடு பிரித்துப் பார்த்தபோது, ஒரு கைமரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கறையான் ஏறிய மண்தடம் முழங்கை நீளத்துக்கு ஓடியிருந்தது. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. இந்தக் கைமரம் பின்னால் எப்போதோ மாற்றிப் போட்டது, வைரம் பாயாத பகுதியும் அதில் கலந்திருந்தது. தடத்தின் அடிப்பகுதி காய்ந்து இறுகியிருந்ததைப் பார்த்த ஆசாரி, இது பல வாரமாக இருப்பதுதான் என்றார். அதாவது புரட்டாசியில் அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடந்து போயிருக்கிறார். வெளிச்சம் காட்டித் தரவில்லை.

அந்தக் கைமரத்தையும் பக்கத்து இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆச்சி விவரம் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. "பர்மாத் தேக்குக்கு இப்ப எங்க போறது தம்பி? முதல்ல ஒழுங்கான லைட்டு வாங்குங்க, கணக்குல எழுதிக்கலாம்" என்றார்.

ஏன் தெரியவில்லை

இதை நிதானமாக ஆராய்ந்தது நல்லதாகப் போயிற்று. உடனே கடைக்குப் போயிருந்தால் இன்னும் அதிக லூமன் போட்ட இன்னொன்றை வாங்கியிருப்பார்கள்.

போன் வெளிச்சம் படம் எடுப்பதற்காக அமைத்தது. அகலமாகப் பரவும், ஆனால் குவியாது. கைக்கெட்டும் தூரத்தில் எழுத்தைப் படிக்கப் போதும், ஏணிக்கு மேலே ஓட்டுச் சாய்ப்பின் மூலைக்கு அது போய்ச் சேர்வதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒரு இடத்தில் விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

ஜூம் டார்ச்சின் கதை வேறு. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, அதனால் பேட்டரியைப் பற்றி விவரமாகப் பேச இந்த ஊரில் ஆள் கிடைப்பது கடினமில்லை. அந்தத் துறையில் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஜூம் டார்ச்சின் பேட்டரியைக் காட்டினோம். அவர் முதலில் செய்தது அதை எடை போட்டதுதான். 18650 என்ற அளவுள்ள லித்தியம் பேட்டரி 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, நல்லதாக இருந்தால் 45 கிராமை ஒட்டி இருக்கும். இது 30 கிராம் கூட இல்லை. அந்த அளவில் கிடைக்கும் நல்ல பேட்டரிகளே 3500 எம்.ஏ.ஹெச் பக்கத்தில் நின்றுவிடும் என்றும், 9900 என்று போட்டிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு இன்றுவரை பயன்படுகிறது. 3000 எம்.ஏ.ஹெச் பேட்டரியின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். பெருக்கினால் சுமார் 10.8 வாட்-மணி. நல்ல எல்.இ.டி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டரியின் மொத்தக் கையிருப்பு 1000 லூமனை ஒரு மணி நேரம் தருகிற அளவுதான். அதையே 250 லூமனாகச் செலவழித்தால் நான்கு மணி நேரம். இடையில் மின்சுற்றிலும் சூட்டிலும் கொஞ்சம் கழியும். ஆகவே ஒரே ஒரு 18650 பேட்டரி போட்ட டார்ச் 3000 லூமனை மூன்று மணி நேரம் தரும் என்று யார் சொன்னாலும் அது நடக்கிற காரியமில்லை.

மூன்றாவது காரணம் நிறம். இதை எடுத்துச் சொன்னவர் காவலர். மேற்பார்வையாளர் முன்பு ஒருமுறை ஜூம் டார்ச்சை அவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "அந்த நீல வெளிச்சத்துல சருகும் தெரியுது, கல்லும் தெரியுது, எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியுது தம்பி. கட்டுவிரியன் கெடந்தா நான் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?" என்று கேட்டிருக்கிறார். பின்கட்டுக்குப் பின்னால் கிணற்றடி வரை இரவில் நடப்பவர் அவர். அந்தக் கேள்வி கறையான் தடத்துக்கும் பொருந்தும். குளிர்ந்த வெள்ளை நிறத்தில் எரியும் மலிவான எல்.இ.டி-களில் சிவப்புப் பங்கு குறைவு. தேக்கின் செம்பழுப்பும், கறையான் மண்ணின் பழுப்பும், நீர் வடிந்த மஞ்சள் கறையும் அதில் ஒரே மந்தமான நிறமாகச் சேர்ந்துவிடும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ என்ற அளவு இருக்கிறது, நூறு என்றால் முழு மதிப்பு. சாதாரண டார்ச்சுகளில் பல 70 பக்கத்தில் இருக்கும், 90-க்கு மேல் உள்ளவையும் கிடைக்கின்றன. எங்கள் வேலைக்கு இதுதான் முக்கியமான எண் என்பது என் தீர்மானமான கருத்து. கடை அட்டைகளில் இது பெரும்பாலும் மூலையில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

அட்டையில் உள்ளதைப் படிப்பது

தரமான டார்ச்சுகளின் அட்டையில் எஃப்.எல்.1 என்று ஒரு குறிப்பு இருக்கும். 2009-ல் அமெரிக்காவில் வந்த அளவுமுறை அது. அதன்படி லூமனை அளப்பது டார்ச்சைப் போட்ட 30 வினாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். எரியும் நேரம் என்பது, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே "1000 லூமன், 3 மணி நேரம்" என்று இருந்தால் மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமன் கிடைக்கும் என்று பொருளில்லை. முதல் சில நிமிடங்களில் சூடு ஏறியதும் டார்ச் தானாகவே முந்நூறுக்கோ நானூறுக்கோ இறங்கிவிடலாம்.

ஒளி எட்டும் தூரமும் அப்படித்தான். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; அது 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை அளப்பார்கள், அது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். ஒரு திசையில் பாயும் ஒளியின் வலுவுக்குக் கேண்டெலா என்று அளவு; 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சுக்கு அட்டையில் 200 மீட்டர் என்று வரும். நிலா வெளிச்சத்தில் மரத்து விரிசலைப் பார்க்க முடியாது. கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இடத்தில் விழும் லக்ஸ் கிடைக்கும். 5 மீட்டர் உயரத்து உத்திரத்தில் 200 லக்ஸ் விழ 5000 கேண்டெலா போதும். வளவின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்க ஓட்டு விளிம்பைப் பார்க்கவும் அது சமாளிக்கும். இந்தக் கணக்குத் தெரிந்ததும் நீண்டு குவியும் டார்ச் வேண்டும் என்ற எண்ணத்தை மேற்பார்வையாளர் விட்டுவிட்டார்.

வீட்டிலேயே சோதித்தது

கடைக்காரர் திருப்பித் தரலாம் என்று ஒப்புக்கொண்டதால் சில வகைகளை எடுத்து வந்தார்கள். 18650 பேட்டரி போட்ட இரண்டு: ஒன்று தூரத்துக்குக் குவியும் குளிர்வெள்ளை, மற்றொன்று பரவலாக விழும் நடுத்தர வெள்ளை, சி.ஆர்.ஐ 90-க்கு மேல். அப்புறம் ஒற்றைப் பென்சில் பேட்டரி போடும் சிறியது ஒன்று. கடைசியாக, தலைப்பட்டையிலிருந்து கழற்றிக் கையிலும் பிடிக்கக்கூடிய, எல் வடிவத்தில் பக்கவாட்டில் ஒளி வரும் ஒன்று.

ஆசாரி ஒரு நல்ல சோதனை வைத்தார். உத்திரத்தின் ஏதோ ஒரு முனையில் ஈர மண்ணால் விரல் நீளக் கோடு இழுத்து, காய விட்டு, எங்கே என்று சொல்லாமல் இறங்கிவிட்டார். மற்றவர்கள் கீழே நின்று ஒவ்வொரு டார்ச்சாக அடித்துத் தேடினார்கள். குளிர்வெள்ளை டார்ச்தான் எல்லாவற்றிலும் பிரகாசமானது, அதில் கோடு யாருக்கும் பிடிபடவில்லை. நடுத்தர வெள்ளையைப் பாதி வெளிச்சத்தில் வைத்தபோது எலக்ட்ரீஷியன் கையை நீட்டிக் காட்டிவிட்டார். பென்சில் பேட்டரி டார்ச்சிலும் தெரிந்தது, ஆனால் இரண்டு படி ஏறி நின்று பார்க்க வேண்டியிருந்தது.

சுவர்கள் இன்னொரு பாடம் சொன்னன. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். நேராகக் குவிந்த ஒளியை அடித்தால் அது அப்படியே திரும்பிப் பார்ப்பவர் கண்ணில் பாய்கிறது, பிறகு பக்கத்து இருட்டில் சில நொடிக்கு எதுவும் தெரிவதில்லை. அதே டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, குறைந்த வெளிச்சத்தில் ஓட விட்டால், பூச்சு உப்பிய இடமெல்லாம் நிழல் விழுந்து தானாகக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு 50 லூமனே மிகுதி. பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரிந்த முறைதான். இங்கே ஆசாரி தன் கையாலேயே செய்து பார்த்ததால் அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

சூடு ஏறும்போது வெளிச்சம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க எலக்ட்ரீஷியன் போனில் உள்ள லக்ஸ் அளக்கும் செயலியைப் பயன்படுத்தினார். அதன் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், ஒரே டார்ச் எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட உதவும். இரண்டு 18650 டார்ச்சுகளும் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களில் கையில் பிடிக்க முடியாத சூட்டுக்குப் போய், பிறகு பாதிக்கும் கீழே இறங்கின. நடுநிலையில் வைத்தால் அசையாமல் நின்றன. போன் கேமராவில் டார்ச் ஒளியைப் பார்த்தபோது, குவியும் டார்ச்சின் தாழ்ந்த நிலைகளில் திரையில் வரிவரியாக ஓடியது. எல்.இ.டி வேகமாக அணைந்து எரிகிறது என்று அதற்குப் பொருள். சுழலும் மோட்டார் பக்கத்தில் அந்த வெளிச்சம் ஆபத்து, ஓடும் தண்டு நிற்பது போலத் தோன்றலாம்.

எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் மிச்சம். "பாக்கெட் டார்ச்" என்று கடையில் சொல்கிறார்கள், ஆசாரி கட்டுவதோ கைலி. சட்டைப்பையில் வைத்தால் குனியும்போதெல்லாம் விழுந்தது. இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட் அவர் இடுப்பில் எப்போதும் இருக்கும். இரு பக்கமும் வளைந்த கிளிப் உள்ள டார்ச் அதில் கச்சிதமாகச் செருகிக்கொண்டது. கிளிப்பை இதற்கு முன் யாரும் ஒரு பொருட்டாக நினைத்திருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

எல்லாருக்கும் ஒரே டார்ச் என்றால் சார்ஜரும் பேட்டரியும் பொதுவாக இருக்கும் என்பது மேற்பார்வையாளரின் முதல் எண்ணம். கணக்குப் பார்க்கும் எனக்கும் அது வசதி. ஆனால் சோதனைக்குப் பிறகு அதில் பிடிவாதமாக இருக்க முடியவில்லை.

ஆசாரிக்கும் மேற்பார்வையாளருக்கும் பரவலான நடுத்தர வெள்ளை 18650 டார்ச். உச்சத்தில் 1000 லூமன் பக்கம், வேலைக்கு 250 பக்கம், கண் கூசாமல் அறைக்குள் நுழைய ஒன்றிரண்டு லூமன். மழையில் நனைந்தாலும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி கிடந்தாலும் தாங்கும் ஐ.பி.எக்ஸ் 7 தரம். டைப்-சி வயரால் சார்ஜ் ஏறும். பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடியும். பேட்டரி கழற்ற முடியாத வகை இதைவிட மெல்லிசாகவும் விலை குறைவாகவும் இருந்தது, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சோர்ந்தால் டார்ச்சையே தூக்கிப் போட வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

எலக்ட்ரீஷியனுக்கு எல் வடிவத் தலைவிளக்கு. அவருக்கு முதலில் அடிப்பகுதியில் காந்தம் உள்ள டார்ச் வேண்டும் என்று ஆசை, மின்பெட்டியில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம் என்று. ஆச்சி வீட்டு ஸ்விட்ச் பலகைகளெல்லாம் தேக்கு. காந்தம் எதில் ஒட்டும்? தலைப்பட்டைதான் அவருக்குச் சரி என்று ஆயிற்று. அவருக்கும் சி.ஆர்.ஐ விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய வயர்களில் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருக்கும், கறுப்பும் நீலமும் ஒன்றுபோல இருக்கும். அலுமினிய உடல் மின்சாரம் கடத்தும் என்பதால், கழற்றிக் கையில் பிடிக்கும் நிலையில் திறந்த இணைப்புகளுக்குள் அதைக் கொண்டுபோவதில்லை என்று அவரே விதி வைத்துக்கொண்டார்.

காவலருக்குப் பென்சில் பேட்டரி டார்ச். வெளிச்சம் மற்றவற்றைவிடக் குறைவு, ஆனால் காலடியில் அகலமாக விழும், நிறம் சுத்தமாகத் தெரியும். இரண்டே நிலை, ஒரே பொத்தான். சார்ஜ் போடும் பேட்டரியை அவர் வேண்டாம் என்றார். கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்வேன், ராத்திரி கரண்டு போனால் எதில் சார்ஜ் போடுவது என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. பழைய எவரெடி முகப்பில் மாற்று விளக்காகத் தொங்குகிறது, கட்டை கசிந்து உள்ளே துரு ஏறாமல் இருக்கக் கழற்றி வைத்திருக்கிறார்.

ஜூம் டார்ச்சின் பேட்டரியைக் குப்பையில் போடவில்லை. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுக்கப்பட்டது.

மழைக்காலத்தில் நடந்தவை

கார்த்திகையில் மூன்று வீடுகளையும் மறுபடி சோதித்தார்கள். இம்முறை நடைமுறை மாறியிருந்தது. அறைக்குள் ஒன்றிரண்டு லூமனில் நுழைந்து, மேலே வௌவால் இருக்கிறதா என்று சத்தம் கேட்டு, அப்புறம்தான் வெளிச்சத்தைக் கூட்டுவது. உச்ச நிலையை ஓட்டு மூலைகளுக்கு மட்டும், அதுவும் சில வினாடிக்கு.

ஆச்சி வீட்டில் இரண்டு ஓட்டுச் சாய்ப்புகள் சேரும் மூலையின் கீழ், சுவரில் வெளிர் மஞ்சளாக ஒரு நீர்த்தடம் அகப்பட்டது. சொட்டு விழத் தொடங்குவதற்கு முன்பே ஓட்டைச் சரிசெய்ய முடிந்தது. இரண்டாவது வீட்டில் கதவு நிலையை ஒட்டிய பூச்சு உப்பியிருந்ததைப் பக்கவாட்டு வெளிச்சம் காட்டியது. மூன்றாவது வீட்டின் சாமான் அறையில் கறையான் தடம், இன்னும் ஈரம் காயாமல், விரல் நீளம்தான். கைமரத்தை மாற்ற வேண்டிய அவசியம் வராமல் மருந்தடித்ததோடு முடிந்தது. இதெல்லாம் டார்ச்சால் மட்டும் நடந்தது என்று எழுதுவது நியாயமில்லை. புரட்டாசி அனுபவத்துக்குப் பிறகு ஆசாரி ஒவ்வொரு முனையிலும் முன்பைவிட நின்று பார்த்தார். ஆனால் நின்று பார்க்கிற அளவுக்கு வெளிச்சம் நிலையாக இருந்தது என்பதையும் அவரே சொன்னார்.

இரண்டு அசம்பாவிதங்களும் நடந்தன. மேற்பார்வையாளர் பைக்கில் போகும்போது கால்சட்டைப் பையில் இருந்த டார்ச்சின் பக்கவாட்டுப் பொத்தான் அழுந்தி, உச்ச நிலையில் எரிந்திருக்கிறது. தொடை சுட்டபோதுதான் தெரிந்தது. பையின் உள்துணி கருகியிருந்தது, தோல் சிவந்ததோடு போயிற்று. அந்த டார்ச்சில் பொத்தானைப் பூட்டும் வசதி உண்டு, பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலும் இணைப்பு அறுந்துவிடும். இரண்டும் விளக்கத்தாளில் இருந்தன.

மற்றது எனக்கு அதிகம் வலித்தது. ஆசாரி ஏணியில் நின்றபோது பெல்ட்டிலிருந்து நழுவிய டார்ச் வளவின் ஓரத்தில் விழுந்தது. டார்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீறல் மட்டும். விழுந்த இடத்தில் ஆத்தங்குடிக் கல் ஒன்று மூலை பெயர்ந்துவிட்டது. கண்ணாடியின் மேல் நிறக்கலவையை ஊற்றிக் கையால் வார்க்கும் கல் அது. இன்றும் ஆத்தங்குடியில் செய்கிறார்கள், அதே பூவேலைப்பாட்டில் புதிதாகக் கிடைக்கும். ஆனால் பல தலைமுறைக் கால் பட்டு மெருகேறிய பக்கத்துக் கல்லின் நிறம் புதியதற்கு வராது. பெயர்ந்த துண்டையே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆச்சியிடம் அன்றே சொல்லிவிட்டோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

ஏணி ஏறும் எவருடைய டார்ச்சிலும் இப்போது மணிக்கட்டுக் கயிறு கட்டியிருக்கிறது. டார்ச்சோடு பெட்டியில் வந்த மெல்லிய கயிற்றை நம்பாமல், ஆசாரி தன் தூக்குநூல் கயிற்றையே முடிச்சுப் போட்டுக்கொண்டார். வாங்கிய முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்தக் கல் பிழைத்திருக்கும். பைக்கில் ஏறும் முன் பின்மூடியைத் தளர்த்துவதும் பழக்கமாகிவிட்டது.

உதிரி 18650 பேட்டரிகளைச் சாவிக்கொத்தும் ஆணியும் கிடக்கும் சாமான் பையில் ஆசாரி போட்டு வைத்திருந்தார். உலோகம் இரு முனையையும் தொட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் உறையில்தான் வைப்பது. சித்திரை, வைகாசி வெயிலில் பைக் பெட்டிக்குள் டார்ச்சை விட்டுப் போவதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.

டைப்-சி துளையின் ரப்பர் மூடி இன்னும் தொல்லையாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்புத் தூசி அடைத்து ஒரு டார்ச்சில் சார்ஜ் ஏறவில்லை, பேட்டரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போட வேண்டியிருந்தது. அடுத்து வாங்கும்போது துளையே இல்லாத, பேட்டரியை வெளியே எடுத்து மட்டும் சார்ஜ் போடும் வகையைப் பார்க்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எலக்ட்ரீஷியனுக்கு அதில் உடன்பாடில்லை, சார்ஜரை மறந்துவிட்டு வந்தால் அன்றைய வேலை கெடும் என்கிறார். இது இன்னும் முடிவாகவில்லை.

சோதனை நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. எந்த இடத்தை எந்த வெளிச்சத்தில், எங்கே நின்று பார்த்தது என்று ஆசாரி சொல்லச் சொல்ல மேற்பார்வையாளர் எழுதுகிறார். "பழுது தெரியவில்லை" என்ற வரிக்குப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் அந்த அறையை மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு.